பெண்கள் அளவில் ஒரே ஒரு ஜாக்கெட்

அக்கா வாடிக்கையாளரிடம் பொய் சொல்லி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அந்த வாடிக்கையாளர் அவளுடைய சொந்த மகள். அந்தப் பொய்க்கு நானும் கூட்டு என்பதால் இதை நான் சொல்வதுதான் நியாயம். வேறு யாராவது சொன்னால் என் பங்கை இன்னும் மோசமாகச் சொல்வார்கள்.

பைக்கில் தொலைதூரம் போகிறவர்களுக்கான சாமான்கள் விற்கும் கடையில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸ், மழைக்கு மேலே போட்டுக்கொள்ளும் உறை, இத்யாதி. சரக்கறை என் பொறுப்பு. அளவு பார்ப்பது அக்கா. நான் எடுத்துக் கொடுத்த பொருள் வந்தவருக்குப் பொருந்துகிறதா என்று அவள்தான் சொல்ல வேண்டும். பொருந்தவில்லை என்று அவள் சொல்லிவிட்டால் முதலாளியே வந்து கெஞ்சினாலும் அது விற்பனை ஆகாது. முதலாளி இரண்டு முறை கெஞ்சிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு யாரையும் கண்ணாடி முன் நிற்க விடமாட்டாள். "நின்னுக்கிட்டா வண்டி ஓட்டப் போறீங்க? உக்காருங்க" என்பாள். அதற்காகவே ஒரு மரச்சட்டத்தில் பழைய பைக் சீட்டையும் ஹேண்டில்பாரையும் பொருத்தி வைத்திருக்கிறோம். அதில் உட்கார்ந்து கையை நீட்டினால்தான் வண்டவாளம் தெரியும். நிற்கும்போது அழகாக இருந்த கை மேலே ஏறி மணிக்கட்டைக் காட்டும். தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் உள்ளே வைத்திருக்கும் பேட் இடம் மாறிப் போகும். ஜாக்கெட்டின் உயிரே அந்த பேட்தான். விழுந்தால் தரையில் படுவது அதுவாக இருக்க வேண்டும், எலும்பாக இருக்கக் கூடாது. அது ஒரு விரல்கடை விலகி இருந்தாலும் கழற்றச் சொல்லிவிடுவாள். ஹெல்மெட் என்றால் இருபது நிமிடம் தலையில் வைத்துக்கொண்டு கடைக்குள் உலாத்த வேண்டும். ஜிப் ஏறாத ஜாக்கெட்டை மூச்சுப் பிடித்து ஏற்றிக்கொண்ட ஒரு பெரிய மனிதரிடம், "வண்டில நீங்க போறீங்களா, உங்க வயிறு மட்டும் போகுதா? ரெண்டு பேரும் போறதா இருந்தா பெரிய சைஸ் எடுத்துக்கங்க" என்றாள். அவர் கோபித்துக்கொண்டு போய், மறுநாள் வந்து பெரிய அளவையே வாங்கிக்கொண்டார்.

எங்கள் கடைக்கு வருவதற்கு முன் பதினான்கு வருடம் கூடாரமும் முதுகுப் பையும் தைக்கிற பட்டறையில் இருந்தவள். கனத்த துணி தைக்கிற இயந்திரத்தின் ஊசி அவள் ஆள்காட்டி விரலில் ஒரு முறை முழுதாக இறங்கியிருக்கிறது. அதைப் பெருமையாகக் காட்டுவாள். கடையின் பின்பக்கம் அப்படி ஒரு இயந்திரம் அவளுக்காகவே போட்டிருக்கிறோம். விழுந்து எழுந்தவர்கள் கிழிந்த ஜாக்கெட்டுகளைத் தைக்கக் கொண்டு வருவார்கள். அவள் அதை மேஜையில் விரித்து, புரட்டிப் பார்த்து, "இடது பக்கமா விழுந்திருக்கார். கையை ஊன்றியிருக்கார். அப்புறம் ரெண்டு சுத்து உருண்டிருக்கார்" என்பாள். கொண்டு வந்தவர் வாயைப் பிளப்பார். எனக்கு மட்டும் அந்த வித்தை பிடிக்காது. ஒருத்தருக்கு இவ்வளவு தெரிந்திருக்கக் கூடாது என்று தோன்றும்.

அந்த அக்காவின் ஒரே மகள், நில அளவை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், பதினெட்டு நாள் விடுப்பு சேர்த்து வைத்துக்கொண்டு, தனியாக நாலாயிரம் கிலோமீட்டர் பைக்கில் போகிறேன் என்று பிடிவாதமாக நின்றாள். சமவெளி, மலை, பனிக்காற்று அடிக்கிற ஒரு கணவாய், மறுபடியும் மலை. வேலைக்குப் போக வர மூன்று வருடமாக அந்த பைக்கைத்தான் ஓட்டுகிறாள். அதற்கே அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

வீட்டில் ஒரு வாரம் சண்டை. அக்காவின் வீட்டுக்காரர் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்பவர், நிதானமான மனுஷர். அவர்தான் சமாதானம் பேசினார். "அம்மா அளவு பாத்து சரின்னு சொல்ற ஜாக்கெட் கிடைச்சா போ. இல்லைன்னா அடுத்த வருஷம்." மகள் ஒப்புக்கொண்டாள். அம்மாவின் வாய் பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். அக்காவும் ஒப்புக்கொண்டாள். அவள் என்ன நினைத்து ஒப்புக்கொண்டாள் என்று எனக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது.

பெண்கள் அளவில் எங்களிடம் அதிகம் வராது. அந்த மாதம் வந்திருந்தது ஒன்றே ஒன்று. சாம்பல் நிறம், கை நீளம், இடுப்பில் இழுத்துக்கட்டப் பட்டி. பெட்டியைப் பிரித்தபோதே அக்கா அதைத் தடவிப் பார்த்ததை நான் பார்த்திருந்தேன்.

வியாழக்கிழமை சரக்கறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"தம்பி, அந்தச் சாம்பல் ஜாக்கெட்ட மேல பரண்ல போட்டுரு."

"யாராவது கேட்டா?"

"இல்லன்னு சொல்லு."

"யாரு கேட்டா இல்லன்னு சொல்லணும்?"

அவள் பரணையே பார்த்தாள். நான் ஏணியை எடுத்தேன். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று தெரிந்துதான் எடுத்தேன். பதினொரு வருடமாக என்னிடம் எதுவும் கேட்டிராதவள் கேட்கிறாள், என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை மதியம் மகள் வந்தாள். அக்கா ஆண்கள் அளவில் சிறியதாக ஐந்தாறை எடுத்து வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் உண்மையான குறையைத்தான் சொன்னாள். இது தோளில் தொங்குகிறது, இது கையில் ஏறுகிறது, இதில் பேட் முழங்கைக்குக் கீழே வருகிறது. எல்லாம் சத்தியமான பேச்சு. கடைசியில், "பொம்பளைங்க சைஸ் ஒண்ணுகூட இல்லம்மா" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சு, ஆனால் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, உள்ள எங்கயும் இல்லையா? நல்லா பாத்தீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

சிறு வயதில் சரக்கறையில் காலிப் பெட்டிகளுக்குள் உட்கார்ந்து விளையாடிய பெண் அவள். என் பேச்சை நம்பினாள். "சரி" என்று சொல்லி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனாள். அக்கா அன்று மாலை முழுக்கச் சிரித்துப் பேசினாள். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. அவள் மேல் பாதி, என் மேல் பாதி.

திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு என் தொலைபேசி அடித்தது.

"சாவிய எடுத்துக்கிட்டு கடைக்கு வா. வண்டில வா."

"என்ன ஆச்சுக்கா?"

"கிளம்பிட்டா."

நான் போய்ச் சேர்ந்தபோது கடை வாசலில் நின்றிருந்தாள். ஷட்டரை ஏற்றும்போதே கொட்டித் தீர்த்தாள். மகள் அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவரிடம் ஒரு ஜாக்கெட்டை இரவல் வாங்கியிருக்கிறாள். ஆறு மணிக்குத் தாய் எழுந்து வருவதற்குள் வண்டியில் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டாள். "நீ சரின்னு சொல்ற வரைக்கும் காத்திருந்தா நான் கிழவி ஆயிடுவேன்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். அக்கா ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள்.

"ஆறடி ஆம்பளையோட ஜாக்கெட்டு. தோள் தொங்குது. அவ கைய நீட்டினதும் முழங்கை பேட் உள்பக்கமா திரும்பிருச்சு, தம்பி. நான் பாத்தேன். முழங்கையில வெறும் துணிதான் இருக்கு. இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு நான் அதப் பாத்தேன்."

நிறுத்தப் பார்த்தவள், கவசமே இல்லாத குறையாகப் பிள்ளையை அனுப்பிவிட்டாள். உள்ளதும் போச்சு. இதை நான் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அவள் முகமே சொல்லிக்கொண்டிருந்தது.

மகள் எங்கெங்கே நிற்பாள் என்று எழுதி சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். முதல் நிறுத்தம் எண்பது கிலோமீட்டர் தள்ளி, மலைப்பாதை பிரிகிற இடத்தில் உள்ள பெட்ரோல் பங்க். ஏழரைக்கு வருகை, எட்டேகாலுக்குப் புறப்பாடு. பதினோரு மணிக்குள் மலை ஏறிவிட வேண்டும், மதியத்துக்கு மேல் அங்கே மழை. நில அளவைக்காரி அல்லவா, நிமிடம்கூடப் பிசகாது.

"ஃபோன் பண்ணி நிக்கச் சொல்லுங்கக்கா."

"ஓட்டும்போது எடுக்க மாட்டா. 'நில்லு'ன்னு மெசேஜ் பாத்தா இன்னும் வேகமாப் போவா."

பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினேன். அக்கா விற்பனைக்கு மாட்டியிருந்த பெரிய ஜாக்கெட் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நெடுஞ்சாலையில் பைக்கில் அவள் ஏறியதே இல்லை. பிள்ளையைப் பெற்ற நாளிலிருந்து எந்த வண்டியின் பின்னாலும் உட்கார்ந்ததில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். எனக்கும் ஒன்றை நீட்டினாள். நேரமாகிறது என்று வாங்க மறுத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் கவசம் எடுத்துக் கொடுக்கிற நான் அரைக்கைச் சட்டையோடு கிளம்பினேன்.

ஆறே முக்காலுக்கு ஊர் எல்லையைத் தாண்டினோம். நான் வேகமாக ஓட்டுகிறவன் இல்லை. என் வண்டியும் ஐம்பதுக்கு மேல் போனால் முணுமுணுக்கும். லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும் காற்று எங்களை ஓரத்துக்குத் தள்ளியது. அக்கா ஒரு கையால் பெட்டியை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்திருந்தாள். பிடித்த பிடியில் இரண்டு பொத்தான் தெறித்துவிட்டது. "மெதுவா போ" என்றாள். ஒரு நிமிடம் கழித்து, "என்னப்பா இப்படி உருட்டுற" என்றாள். முதல் நாற்பது கிலோமீட்டரும் இதே பாட்டுதான்.

பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மணி ஏழு முப்பத்தைந்து. எங்களுக்கு முன்னால் ஏழு லாரி. ரயில் வருகிற அறிகுறியே இல்லை. அக்கா இறங்கி, பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேசத் தொடங்கினாள்.

"போன வருஷம் ஒருத்தர் ஜாக்கெட் கொண்டாந்தாரே, நினைவிருக்கா? நீல கலரு. தைக்க வேணாம், உள்பை ஜிப்ப மட்டும் திறந்து கொடுங்க, சிக்கிக்கிச்சுன்னாரு."

எனக்கு நினைவில்லை.

"அவரு தம்பியோடது. நான்தான் அளவு பாத்து வித்தேன். ஜிப்ப வெட்டினேன். உள்ள ஒரு பர்ஸு, ஒரு வீட்டுச் சாவி. எடுத்துக் கொடுத்தேன். நன்றின்னு சொல்லிட்டு அவரு போயிட்டாரு. ஜாக்கெட்ட விட்டுட்டே போயிட்டாரு."

"அக்கா..."

"பேடெல்லாம் சரியான இடத்துலதான் இருந்துச்சு, தம்பி. நான் பாத்த அளவுல ஒரு தப்பும் இல்ல. அது சரியா இருந்தும் அவரு தம்பி திரும்பி வரல. அப்ப எதை நம்பி நான் இவளுக்குச் சரின்னு சொல்றது?"

சரியாக இருந்தாலே போதாது என்று பயந்துதான் அவள் ஒளித்து வைத்தாள். இப்போது சரியில்லாததைப் போட்டுக்கொண்டு மகள் போய்க்கொண்டிருக்கிறாள். ரயில் வந்தது. அவ்வளவு நீளமான சரக்கு ரயிலை நான் பார்த்ததே இல்லை. கேட் திறந்தபோது மணி ஏழு ஐம்பத்திரண்டு.

அதன் பிறகு அக்கா மெதுவாகப் போ என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. நானும் வண்டியின் முணுமுணுப்பைக் கண்டுகொள்ளவில்லை. எட்டேகால் ஆயிற்று. எட்டு இருபது ஆயிற்று. எதிரே மலை தெரிந்தது, அதன் தலையில் மேகம். பெட்ரோல் பங்க் வருவதற்குள் மணி எட்டரை. போயிருப்பாள் என்றே நினைத்தேன்.

போகவில்லை. பங்கின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, வழியில் தளர்ந்துபோன சங்கிலியை இறுக்கி எண்ணெய் போட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. ஹெல்மெட்டை எடுத்து மாட்டத் தொடங்கினாள்.

"திரும்பி வர மாட்டேன்மா. அழுதாலும் வர மாட்டேன்."

"வர வேணாம். அதக் கழட்டு."

அக்கா பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தாள். சாம்பல் நிற ஜாக்கெட்டைப் பார்த்ததும் மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"முன்னாடியே இருந்துச்சு. நான்தான் ஒளிச்சு வெச்சேன். நீ போகக் கூடாதுன்னு." அக்கா ஒரே மூச்சில் சொன்னாள். "பொய் சொன்னேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் பெட்ரோல் போடும் குழாயைப் பார்த்தேன்.

"ஊர்ல போற வர்றவனுக்கெல்லாம் உண்மையச் சொல்றே. எனக்கு மட்டும்தான் பொய்யா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இரவல் ஜாக்கெட்டைக் கழற்றி என் வண்டி மேல் எறிந்தாள். புதியதைப் போட்டுக்கொண்டு, தன் வண்டி மேல் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டினாள். அக்கா கிட்டே போய் மணிக்கட்டைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், இடுப்புப் பட்டியை இழுத்துக் கட்டினாள். அளந்து தைத்தது போல உட்கார்ந்திருந்தது.

"சரியா இருக்கு" என்றாள் அக்கா.

"நிஜமாவா? இல்ல இதுவும் பொய்யா?"

அக்காவின் கை பட்டியிலிருந்து விலகியது. அந்த வாயை நம்பி முன்பின் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் தங்கள் எலும்பை ஒப்படைத்திருக்கிறார்கள். அவள் பெற்ற பெண் நம்பவில்லை.

"நீயே பாத்துக்க" என்றாள் மெல்ல.

மகள் தானே தொட்டுப் பார்த்தாள். ஜிப்பை ஏற்றி இறக்கினாள். கழுத்தைத் திருப்பினாள். பிறகு வலது முழங்கையை இடது கையால் அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று. மறுபடி அழுத்தினாள். தோளை அழுத்தினாள்.

"இதுல ஒண்ணுமே இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புது ஜாக்கெட்டுக்கு பேட் தனி உறையில் வரும். பெட்டியின் மேலே ஒட்டியிருந்த அந்த உறை பரணில் இடித்ததால் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் உள்ளே தள்ளியிருந்தேன். காலையில் அவசரத்தில் பெட்டியை மட்டும் இறக்கினேன். பதினைந்து வருடம் சரக்கறை பார்த்தவன் செய்கிற வேலையா இது? எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. திக்கித் திணறிச் சொன்னேன். மகள் பாதிதான் நம்பினாள் என்று நினைக்கிறேன்.

இரவல் ஜாக்கெட்டில் இருந்த பேடை உருவிப் பார்த்தோம். வெறும் பஞ்சு, இரண்டு விரலால் மடிக்க வந்தது. அக்கா அதைத் தூக்கிப் போட்டாள். தான் போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றினாள். அது நல்ல சரக்கு. தரையில் மண்டியிட்டு, உள்பைகளைத் திறந்து, முழங்கை இரண்டு, தோள் இரண்டு, முதுகு ஒன்று என்று ஐந்தையும் உருவி, மகளின் ஜாக்கெட்டில் ஒவ்வொன்றாக நுழைத்தாள். முழங்கையில் வைத்ததும் மகளே கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். இந்த முறை விரல் உள்ளே போகவில்லை.

அக்கா கூடாகிப்போன தன் ஜாக்கெட்டை மறுபடி மாட்டிக்கொண்டு என் வண்டியைப் பார்த்து நடந்தாள்.

"எங்க போற?" என்றாள் மகள்.

"வீட்டுக்கு."

"அதுல ஏறாத. உள்ள ஒண்ணும் இல்ல. பஸ்ல போ."

"மெதுவாத்தான் போவான்."

"அம்மா, ஏறாதன்னு சொல்றேன்ல! லாரி எப்படிப் போகுதுன்னு பாத்தல்ல?" இப்போதுதான் கத்தினாள். குரல் உடைந்துவிட்டது. தன் குரலைத் தானே கேட்டவள் போல ஒரு கணம் நிறுத்தினாள். அக்காவும் அவளையே பார்த்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றதை எனக்கு விவரிக்கத் தெரியாது.

"சரி. பஸ்லயே போறேன்" என்றாள் அக்கா. "நீ கிளம்பு. மழைக்கு முன்னாடி மலை ஏறணும்."

"நீ ஏறினப்புறம் கிளம்புறேன்."

"நான் ஏறிடுவேன்மா. சொல்றேன்ல."

"வெள்ளிக்கிழமையும் சொன்ன."

அக்கா சாலையைக் கடந்தாள். எதிர்ப்பக்க நிறுத்தத்தில் போய் நின்றாள். மகள் வண்டியைப் பங்கிலேயே விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். பேருந்து வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. மலையில் மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. அக்கா அதைப் பார்ப்பதும் மகளின் முழங்கையைப் பார்ப்பதுமாக இருந்தாள். நிமிடத்துக்கு நிமிடம் எழுதி வைத்த கணக்கை மகள் ஒரு முறைகூட எடுத்துப் பார்க்கவில்லை.

பேருந்து வந்தது. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கையை அசைக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். பேருந்து கிளம்பி வளைவில் மறைந்தது. அப்புறமும் மகள் வண்டியை எடுக்கவில்லை. இரவல் ஜாக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மாமா, நீங்க இதப் போட்டுக்கிட்டு மெதுவா போங்க. ஒண்ணும் இல்லாததுக்கு இது பரவாயில்ல."

போட்டுக்கொண்டேன்.

"அடுத்த ஸ்டாப்ல இறங்கி உங்க வண்டில ஏறிட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கம்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னது உண்மை. அதை அவளுக்கு எப்படி நம்ப வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.